மைக்கில் வாசிக்காத மொய்: லைக்கை மறைக்கும் ஸ்விட்ச்சுகள் எவ்வளவு உதவும்?

இன்ஸ்டாகிராமில் லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதி 2021 மே மாதக் கடைசியில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அப்படி ஒன்று இருப்பதே இன்னும் பலருக்குத் தெரியாது. போட்டுப் பார்த்தவர்களிடம் கேட்டால், "போட்டேன், ஒன்னும் மாறலையே" என்பதுதான் வழக்கமான பதில். அந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. கோளாறு ஸ்விட்ச்சில் பாதி, அதனிடம் நாம் எதிர்பார்ப்பதில் பாதி.

முதலில் ஸ்விட்ச். இதில் இரண்டு இருக்கின்றன, ஒன்றைப் போட்டால் இன்னொன்று கூடவே வராது. முதலாவது, மற்றவர்கள் பதிவில் உள்ள லைக் எண் உங்கள் கண்ணில் படாமல் செய்வது. புரொஃபைல் பக்கத்தில் மேலே வலப்பக்கம் உள்ள மூன்று கோட்டைத் தொட்டு, செட்டிங்ஸில் 'வாட் யூ சீ' பகுதிக்குக் கீழே 'லைக் அண்ட் ஷேர் கவுண்ட்ஸ்' என்று இருப்பதைத் திறந்தால் ஒரே ஒரு பொத்தான் இருக்கும். ஆப் புதுப்பிக்கும்போதெல்லாம் இந்த மெனுவை இடம் மாற்றுவது அவர்கள் வழக்கம். அங்கே காணவில்லை என்றால் செட்டிங்ஸின் தலையில் இருக்கும் தேடல் பெட்டியில் 'லைக்' என்று அடித்தால் வந்துவிடும்.

இரண்டாவது, உங்கள் பதிவின் எண்ணை மற்றவர்கள் கண்ணிலிருந்து மறைப்பது. இது ஒவ்வொரு பதிவாகச் செய்ய வேண்டிய வேலை. ஏற்கெனவே போட்ட படமென்றால், படத்தின் மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, லைக் எண்ணை மறைக்கும் வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாகப் போடும்போதே மறைக்க, கேப்ஷன் எழுதும் பக்கத்தின் அடியில் உள்ள கூடுதல் அமைப்புகளுக்குள் போக வேண்டும். முந்நூறு பழைய படம் இருந்தால் முந்நூறு முறை மூன்று புள்ளி. மொத்தமாக மறைக்க வழி வைக்காதது இந்த வசதியின் முதல் பெரிய குறை. பெரும்பாலானோர் கடைசி ஐந்தாறு படத்துக்குச் செய்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். அப்புறம் பக்கத்தைப் பார்க்க வருபவருக்கு, எண் இருக்கும் படமும் இல்லாத படமும் கலந்து கிடந்து, 'இதுக்கு லைக் வரலை போல, அதான் மறைச்சிருக்காங்க' என்ற எண்ணத்தையே கொடுக்கும். மறைப்பதானால் எல்லாவற்றையும் மறையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

மறைத்த பிறகு என்ன தெரியும்? எண் இருந்த இடத்தில் ஒருவர் பெயரும் 'மற்றும் பலர்' என்பதும் வரும். அதைத் தொட்டால் லைக் போட்டவர்கள் பட்டியல் திறக்கும். மொத்தம் எத்தனை என்று மேலே போட்டிருக்காது, அவ்வளவுதான். உட்கார்ந்து எண்ண வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்தால் எண்ணிக்கொள்ளலாம்.

கல்யாண வீட்டு மொய்யோடு ஒப்பிட்டால் இது சுலபமாகப் புரியும். மண்டப வாசலில் மேசை போட்டு, பெயர், ஊர், தொகை என்று நோட்டில் எழுதுவார்கள். சில ஊர்களில் அதை மைக்கில் வேறு வாசிப்பார்கள். இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றி ரசீதே கொடுக்கிறார்கள். இன்ஸ்டாகிராம் கொடுத்திருப்பது மைக்கை அணைக்கும் வசதி. நோட்டு அப்படியே இருக்கிறது, அதுவும் வீட்டுக்காரர் கையிலேயே இருக்கிறது. ஆம், உங்கள் பதிவுக்கு எத்தனை லைக் என்பது உங்களுக்கு எப்போதும் தெரியும். அதை உங்களிடமிருந்தே மறைக்கும் ஸ்விட்ச் இந்த ஆப்பில் கிடையாது. போட்டோவைப் போட்டுவிட்டு நாலு நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து பார்ப்பவருக்கு இந்த வசதியால் ஒரு பலனும் இல்லை. 'நம்ம படத்துக்குப் பதினொன்னுதான் விழுந்திருக்குன்னு ஊருக்கே தெரியுதே' என்று கூசுபவருக்கு நல்ல பலன் உண்டு. இரண்டும் வேறு வேறு நோய். ஒன்று பசி, இன்னொன்று வெட்கம். இந்த மருந்து வெட்கத்துக்கு மட்டுமே.

நிறுவனத்தின் சோதனையிலும் இதுதான் தெரிந்தது. 2019ல் முதலில் கனடாவில் லைக் எண்ணை மறைத்துப் பார்த்தார்கள். அந்த ஜூலையில் ஆஸ்திரேலியா, பிரேசில், அயர்லாந்து, இத்தாலி, ஜப்பான், நியூசிலாந்து என்று விரித்தார்கள். அப்போது அது பயனரின் விருப்பமாக இல்லை, சோதனைக்குள் வந்தவர்களுக்கு எண் தானாகவே மறைந்தது. இரண்டு வருஷம் பார்த்துவிட்டு, சிலருக்குப் பிடித்தது, சிலருக்குக் கோபம் வந்தது, மனநிலையிலும் பயன்பாட்டிலும் நினைத்த அளவு மாற்றமில்லை என்று சொல்லி, விருப்பப்பட்டவர் போட்டுக்கொள்ளும் பொத்தானாக இறக்கிவைத்தார்கள். வியாபாரக் கணக்கும் இதில் உண்டு என்று சந்தேகிக்கலாம். ஆனால் முடிவு ஆச்சரியமானதல்ல. ஊர் பார்ப்பதைத்தான் அணைத்தார்கள், தான் பார்ப்பதை அணைக்கவில்லை.

அப்படியானால் மற்றவரின் அங்கீகாரம் மனிதருக்குத் தேவையா, வெறும் ஆசையா? இதைத் தீர்க்காமல் இந்த ஸ்விட்ச்சுகளுக்கு மதிப்பெண் போட முடியாது. உளவியலில் இதற்கு உபயோகமான அளவுகோல் ஒன்று உண்டு. ராய் பாமைஸ்டரும் மார்க் லியரியும் 1995ல் எழுதிய கட்டுரையில், பிறரோடு சேர்ந்திருப்பது மனிதரின் அடிப்படைத் தேவை என்று வாதிட்டார்கள். அவர்கள் தேவைக்கு வைத்த அடையாளங்களில் இரண்டு நமக்கு முக்கியம். கிடைக்காவிட்டால் உடம்புக்கோ மனசுக்கோ கேடு வர வேண்டும். கிடைத்துவிட்டால் அடங்க வேண்டும். சோறு மாதிரி. நம் மேல் அக்கறையுள்ள, தொடர்ந்து பழகுகிற சிலர் இருந்துவிட்டால் இந்தப் பசி பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அதற்கு மேல் ஆள் சேரச் சேரப் பலன் குறைந்துகொண்டே போகிறது.

லைக் எண்ணை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். நூறு வந்தவுடன் போதும் என்று போனைக் கீழே வைத்தவர் உண்டா? போன படத்துக்கு நூற்றிருபது வந்திருந்தால் இந்த நூறு நஷ்டக் கணக்கு. அடங்காத ஒன்றைத் தேவை என்று சொல்வது கஷ்டம். அதே நேரம், எண்ணின் பின்னால் இருக்கும் ஆட்களில் இரண்டு மூன்று பேரின் பெயர் இல்லாமல் போனால் உண்மையாகவே உள்ளே ஏதோ குத்துகிறது, அதை ஆசை என்று தள்ளவும் முடியாது. தேவை அந்தப் பெயர்களில் இருக்கிறது, ஆசை எண்ணில் இருக்கிறது. ஆப் இரண்டையும் ஒரே இதயக் குறியில் போட்டுக் கட்டிக் கொடுக்கிறது.

குத்துவது பலவீனம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். உளவியலாளர் கிப்ளிங் வில்லியம்ஸ் குழுவினர் திரையில் பந்து வீசும் சாதாரண விளையாட்டு ஒன்றை உருவாக்கினார்கள். மூன்று பேர் பந்தை மாற்றி மாற்றி எறிவார்கள், கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் உங்களுக்கு எறிவதை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. அந்தச் சில நிமிஷத்திலேயே ஆட்களின் மனம் விழுந்துவிடுகிறது. எறிவது மனிதரல்ல, கம்ப்யூட்டர்தான் என்று முன்கூட்டியே சொல்லிவைத்த பிறகும் விழுகிறது என்று 2004ல் வெளியான ஆய்வு காட்டியது. புத்திக்குத் தெரிந்தாலும் முதல் குத்து விழுந்தே தீரும். லியரி இதைக் காரில் இருக்கும் பெட்ரோல் முள்ளுக்கு ஒப்பிடலாம் என்பார். நாலு பேர் நம்மைச் சேர்த்துக்கொள்கிறார்களா, ஒதுக்குகிறார்களா என்று காட்டும் முள்தான் சுயமதிப்பு. முள் இருப்பதில் தப்பில்லை. டாங்கியில் பெட்ரோல் ஊற்றாமல், முள்ளை விரலால் மேலே தள்ளிக்கொண்டிருந்தால்தான் வண்டி நடுவழியில் நிற்கும்.

இன்ஸ்டாகிராமில் முள்ளைத் தள்ளும் விரல் எது என்றால், லைக் எண் அல்ல, நோட்டிஃபிகேஷன். எந்நேரம் வரும், எத்தனை வரும் என்று தெரியாததால்தான் கை போனைத் தேடுகிறது. ஆகவே உண்மையில் வேலை செய்யும் ஸ்விட்ச் வேறு இடத்தில் இருக்கிறது. செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ், அதற்குள் 'போஸ்ட்ஸ், ஸ்டோரீஸ் அண்ட் காமென்ட்ஸ்', அதில் 'லைக்ஸ்'. மூன்று தேர்வு இருக்கும்: முழுக்க நிறுத்து, நான் பின்தொடர்பவர்களிடமிருந்து மட்டும், எல்லோரிடமிருந்தும். 'நிறுத்து' என்பதை வையுங்கள். அதே பக்கத்தில் காமென்ட்ஸை 'நான் பின்தொடர்பவர்களிடமிருந்து மட்டும்' என்று வையுங்கள். எண் வாய் மூடும், பெயர் பேசும். மறைப்பு வசதிக்கு ஐந்துக்கு இரண்டு கொடுத்தால் இதற்கு நாலு கொடுக்கலாம்.

ஒன்று குறைவதற்குக் காரணம், ஆப்பைத் திறந்தவுடன் மேலே இதயக் குறி சிவப்புப் புள்ளியோடு நிற்பது. இந்த அமைப்பு போனின் திரைக்கு வரும் தகவலைத்தான் நிறுத்தும், ஆப்பின் உள்ளே குவிவதை நிறுத்தாது. புரொஃபஷனல் கணக்கு வைத்திருந்தால் ஒவ்வொரு படத்தின் அடியிலும், எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கைக் காட்டும் 'இன்சைட்ஸ்' வேறு கூப்பிடும். வியாபாரம் எதுவும் இல்லாமல், பேருக்குப் பக்கத்தில் 'டிஜிட்டல் கிரியேட்டர்' என்று போட்டுக்கொள்ளவே அந்தக் கணக்குக்கு மாறியவர்கள் பர்சனல் கணக்குக்குத் திரும்பிவிடலாம். செட்டிங்ஸில் கணக்கு வகை என்ற இடத்தில் அதுவும் இருக்கிறது. ஸ்டோரியை யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலை அணைக்கவும் வழி இல்லை. ஸ்டோரியைப் போட்டுவிட்டு மேலே தள்ளிப் பார்க்காமல் இருப்பது ஒன்றே வழி. அது ஸ்விட்ச் அல்ல, விரதம்.

தனக்கு இருப்பது தேவையா ஆசையா என்று அறிய இதே அமைப்பை வைத்து 14 நாள் சோதனை ஒன்று செய்யலாம். ஆண்ட்ராய்டில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' பகுதியில் ஒரு ஆப்பை நாளில் எத்தனை முறை திறந்தீர்கள் என்ற கணக்கு இருக்கும். ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' பகுதியில் போனை எடுத்த கணக்கு இருக்கும். முதல் ஏழு நாள் எதையும் மாற்றாமல், வழக்கம்போல் படம் போட்டு, அந்தக் கணக்கை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எட்டாம் நாள் மேலே சொன்ன நோட்டிஃபிகேஷன் மாற்றங்களைச் செய்து இன்னொரு ஏழு நாள். இரண்டாவது வாரத்திலும் அதே அளவு படம் போட வேண்டும். நிறையப் பேர் இங்கேதான் தவறுவார்கள். போடுவதையே நிறுத்திவிட்டு 'எனக்கு லைக்கெல்லாம் பெரிசில்லைப்பா' என்பது சோதனை ஆகாது. கடைக்குப் போகாமலே காசை மிச்சம் பிடித்த கதை அது.

திறக்கும் எண்ணிக்கை பாதியாகக் குறைந்து, பெரிதாக ஒன்றும் இழந்த மாதிரி இல்லை என்றால் அது ஆசைதான், சலிப்பில் வந்த பழக்கம். எண்ணிக்கை குறையவே இல்லை, தேடித் தேடித் திறந்தீர்கள் என்றால், திறந்தவுடன் கண் முதலில் எங்கே போனது என்று பாருங்கள். எண்ணுக்கா, குறிப்பிட்ட ஒருவர் பெயர் இருக்கிறதா என்றா? பெயரைத் தேடியது என்றால் ஆப்பை மூடிவிட்டு அந்த ஆளுக்குப் போன் போடுவதுதான் சரியான சிகிச்சை. எண்ணையும் தேடவில்லை, பெயரையும் தேடவில்லை, பார்க்காமல் இருந்த நேரமெல்லாம் நெஞ்சு படபடத்தது, தூக்கம் போனது என்றால் அதை செட்டிங்ஸில் தீர்க்க முடியாது, மனநல ஆலோசகரிடம் பேச வேண்டிய விஷயம் அது.

எல்லோருக்கும் லைக் ஒரே அளவு ஏறாது என்பதும் தெரிந்த விஷயம்தான். 2017ல் வெளியான பரோ, ரெய்னோன் ஆய்வு இதைப் பார்த்தது. வாழ்க்கையில் தான் எதை நோக்கிப் போகிறோம் என்ற தெளிவு உள்ளவர்களுக்கு, லைக் கூடினாலும் குறைந்தாலும் சுயமதிப்பு அதிகம் ஆடவில்லை. பதின்வயதினர் விஷயம் வேறு. கலிஃபோர்னியாவில் 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் வைத்து, இன்ஸ்டாகிராம் மாதிரி திரையில் படங்களைக் காட்டினார்கள். லைக் எண்ணை ஆய்வாளர்களே இஷ்டத்துக்குப் போட்டிருந்தார்கள். தங்கள் படத்துக்கு நிறைய லைக் இருப்பதைப் பார்த்தபோது, பரிசு கிடைத்தால் விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதி விழித்துக்கொண்டது. அடுத்தவர் படத்துக்கு லைக் போடும்போதும், ஏற்கெனவே நிறைய விழுந்திருக்கும் படத்துக்கே போட்டார்கள். வீட்டில் அந்த வயதுப் பிள்ளை இருந்தால், முதலில் சொன்ன 'மற்றவர் எண்ணை மறை' ஸ்விட்ச்சுக்கு அங்கே மட்டும் மதிப்பெண் ஏறும். அவர்களுக்கு ஒப்பீடுதான் பெரிய தலைவலி, அதை இது நேராகவே குறைக்கிறது. பிள்ளைக்குத் தெரியாமல் போனை வாங்கிப் போட்டுவைத்தால் அன்று சாயங்காலமே திரும்பிவிடும், அது வேறு கதை.

இனி வாட்ஸ்அப். நம் ஆட்களுக்கு இன்ஸ்டாகிராமைவிட இங்கேதான் காயம் அதிகம். 'சீன் போட்டுட்டு ரிப்ளை பண்ணல' என்ற ஒரு வரிக்காக முறிந்த நட்புகளுக்குக் கணக்கில்லை. ப்ளூ டிக் 2014 நவம்பரில் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அணைக்கும் வசதியும் பின்னாலேயே வந்தது. செட்டிங்ஸ், பிரைவசி, 'ரீட் ரிசீட்ஸ்'. அணைத்தால் நீங்கள் படித்தது மற்றவருக்குத் தெரியாது, மற்றவர் படித்தது உங்களுக்கும் தெரியாது. ஸ்டேட்டஸுக்கும் இதே கணக்கு: யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் உங்களுக்குக் காலியாகிவிடும். இன்ஸ்டாகிராமில் இல்லாத 'என்னிடமிருந்தே மறை' ஸ்விட்ச் இங்கே இப்படிக் கிடைக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே இதற்கு நாலரை.

அணைத்த பிறகும் ஓட்டைகள் உண்டு. குரூப்பில் இந்த ஸ்விட்ச் செல்லாது. அங்கே உங்கள் செய்தியை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ' பார்த்தால் யார் யார் படித்தார்கள் என்று பெயரோடு வரும். குரூப்பில் டிக் நீலமாவது எல்லோரும் படித்த பிறகுதான் என்பதால், குடும்ப குரூப்பில் போனையே தொடாத ஒரு பெரியப்பா இருந்தால் கடைசிவரை சாம்பல் நிறமாகவே நிற்கும். அதைப் பார்த்து 'யாருமே மதிக்கலை' என்று எண்ண வேண்டாம். வாய்ஸ் மெசேஜ் கேட்டதும் வரும் நீல மைக்கையும் அணைக்க முடியாது. ஒற்றை டிக் என்றால் பிளாக் செய்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுவதும் அவசரம். எதிராளியின் போன் அணைந்திருந்தாலும் நெட் இல்லாவிட்டாலும் அதேதான் தெரியும். 'டைப்பிங்' என்று வந்து வந்து போவதை மறைக்கவும் வழியில்லை.

'லாஸ்ட் சீன்' மறைப்பதும் இதே பிரைவசி பக்கத்தில்தான். நீங்கள் மறைத்தால் அடுத்தவருடையதும் உங்களுக்குத் தெரியாது என்பது இங்கும் உண்டு. 2022 முதல் 'ஆன்லைன்' என்று காட்டுவதையும் மறைக்கலாம்.

ஃபேஸ்புக்கில் 'ரியாக்‌ஷன் பிரிஃபரன்சஸ்' என்று செட்டிங்ஸில் தேடினால் மற்றவர் பதிவு, உங்கள் பதிவு இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான் அடுத்தடுத்து இருக்கும். ஒரே கம்பெனியின் இன்ஸ்டாகிராமில் இதை ஏன் இப்படி வைக்கவில்லை என்பது புரியவில்லை. எக்ஸ் தளம் 2024 ஜூனில் வேறு திசையில் போனது: எண் எல்லோருக்கும் தெரியும், லைக் போட்டவர் யார் என்பது பதிவு போட்டவருக்கு மட்டுமே தெரியும். பெயரை மறைத்து எண்ணைக் காட்டுகிறார்கள், நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். யூடியூப் 2021 நவம்பரில் டிஸ்லைக் எண்ணைப் பார்வையாளர்களுக்கு மறைத்தது, வீடியோ போட்டவருக்கு இன்னும் தெரியும்.

வீட்டிலிருந்தே கேக், பிளவுஸ் ஆரி வேலை, ஊறுகாய் என்று இன்ஸ்டாகிராமில் விற்பவர்கள் இதையெல்லாம் அப்படியே செய்ய வேண்டாம். அவர்களுக்கு அந்த எண் கடை வாசலில் நிற்கும் கூட்டம் மாதிரி, புதிதாக வருபவர் அதைப் பார்த்துத்தான் உள்ளே நுழைவார். ஆனால் அவர்களுமே லைக்கைவிட 'சேவ்' எண்ணையும், விலை கேட்டு வரும் டிஎம்மையும் பார்ப்பது நல்லது. லைக் போட்டவர் ரசித்தவர், சேவ் செய்தவர் வாங்க யோசிப்பவர்.

பாட்டு, கோலம், ஓவியம் என்று கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கும் பிறர் கருத்து ஆடம்பரமல்ல, அது இல்லாமல் கை தேறாது. அங்கே சிக்கல், இதயக் குறியில் தகவலே இல்லை என்பது. முப்பத்திரண்டு இதயம் விழுந்த பாட்டில் அனுபல்லவியில் சுருதி இறங்கியதை ஒருவர்கூடச் சொல்லியிருக்க மாட்டார். 'எப்படி இருக்கு?' என்று கேட்டுப் போட்டால் 'சூப்பர்' என்றுதான் வரும், கேள்வி அப்படி. 'இரண்டாவது வரியில் மேல் ஸ்தாயி போகும்போது குரல் தட்டுதா?' என்று கேட்டு, பாட்டுத் தெரிந்த இரண்டு பேருக்கு மட்டும் வாய்ஸ் மெசேஜாக அனுப்புங்கள். ஒருவர் தட்டுது என்பார், ஒருவர் இல்லை என்பார். மூன்றாவதாக ஒருவரிடம் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி அனுப்புங்கள்.